இடிதாங்கிக் கல்

"பிளக்கைக் கழட்டீட்டீங்களே?"

குசினி அடுப்படிக்குள்ளிருந்து கமலாசனியின் குரல் வந்தபோது பரமலிங்கம் கழற்றிக்கொண்டுதான் இருந்தார். ஒரு காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிளக் வருவதாக இல்லை.

வன்னியில், உடையார்கட்டில் அப்போது மின்சாரம் இல்லை. அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. போய் ஏழு வருடமாகிவிட்டது, அது திரும்பி வருமென்று யாரும் வழி பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. பரமலிங்கத்தின் மண்வீட்டுச் சுவரில் இருந்த பிளக் பலகைக்குப் பின்னால் ஒரு முழ வயர்கூடக் கிடையாது. வெறும் மண்தான். அந்தப் பலகையை அவரேதான் இரண்டு ஆணி அடித்து ஏற்றியிருந்தார். தொங்குகிற பிளக் இடியை இழுக்குமாம், எதிலாவது செருகி வைக்க வேண்டுமாம். செருகி வைத்தால், இடி வரும்போது கழற்ற வேண்டுமாம். இரண்டும் கமலாசனி போட்ட சட்டம்.

"செருகச் சொல்லுறதும் நீர், கழட்டச் சொல்லுறதும் நீர். உதுக்குப் பின்னாலை என்ன கிடக்கு?" என்று ஒருநாள் அவர் கேட்டுப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லையெண்டு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். மின்னலுக்குத் தெரியுமே?" என்றாள் கமலாசனி.

பரமலிங்கம் போய்ப் பிளக்கைச் செருகினார்.

இன்றைக்கு ஐப்பசி மாதத்து மழை. பின்னேரம் மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. முற்றம் ஒருமுறை வெள்ளையாகி மறைந்தது.

"கெதியா! பிளக்!" என்று கத்தினாள் கமலாசனி.

பரமலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். இடி இடித்தது. பிளக் வந்தது. பிளக்கோடு பலகையும், பலகையோடு இரண்டு ஆணியும், ஆணிகளோடு ஒரு சுளகளவு சுவரும் வந்து அவர் நெஞ்சில் விழுந்தன. பலகையின் துளைகளுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பிளக்கின் மூன்று காலும் அந்த மண்ணுக்குள் இறுகிப்போய்க் கிடந்திருக்கின்றன.

"என்ன சத்தம்?"

"இடி" என்றார் பரமலிங்கம்.

சுவரில் இருந்த ஓட்டையால் வேலியும், வேலிக்கு இந்தப் பக்கம் மழைக்கு ஒதுங்க இடம் தேடி வந்துவிட்ட அயல்வீட்டு மத்தேயுவின் ஆடும் தெரிந்தன. ஆடு அவரைப் பார்த்தது. அவர் ஆட்டைப் பார்த்தார்.

இத்தனை சட்டமும் எதற்காகவென்றால், மேசையில் இருந்த பதினாலு அங்குல ரீவிக்காக. மகள் தேனுகா கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போன புதிதில் அனுப்பியது. யாழ்ப்பாணத்தில் அது எட்டு மாதம் படம் காட்டியது. பிறகு கரண்ட் போனது. பிறகு ஊரே போனது. இடம்பெயர்ந்து வன்னிக்குக் கடல் கடக்கக் கிளாலிக் கரையில் நின்றபோது படகுக்காரன், "பாரமான சாமான் ஒண்டுதான். ரெண்டு ஏத்தினா எல்லாரும் தாழுவம்" என்றான். அவர்களிடம் பாரமான சாமான் இரண்டு இருந்தன. ஒன்று ரீவி, மற்றது கமலாசனியின் தையல் மெஷின்.

முடிவெடுத்தவர் பரமலிங்கம். பிள்ளை அனுப்பினது, ரீவிதான் வரவேண்டும் என்றார். கமலாசனி மெஷினைக் கரையில் ஒரு பனைக்குக் கீழே வைத்து, சீலைத் துண்டால் மூடி, அதன் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு வந்து படகில் ஏறினாள். பாதி வழியில் படகுக்குள் தண்ணீர் வந்தது. ரீவி அந்த உப்புத் தண்ணீரில் அரைவாசிக்கு நின்றபடியே வன்னிக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது கமலாசனிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. பரமலிங்கத்தின் நிம்மதியெல்லாம் அந்த ஒன்றில்தான் தங்கியிருந்தது.

'தூசி தட்ட' என்று சொல்லி அவர் ரீவியைச் சந்தியில் றேடியோ திருத்துகிற ராஜரத்தினத்திடம் கொண்டுபோயிருந்தார். ராஜரத்தினம் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டில் நிற்கிறவன் போலக் கையைக் கட்டிக்கொண்டான். உள்ளே எல்லாம் உப்புப் பூத்து, துருப்பிடித்து, பச்சை பச்சையாக இருந்தது. தேறிய நாலைந்து துண்டைக் கழற்றி எடுத்து ஊராரின் றேடியோக்களுக்குப் போட்டான். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றி, ஊர் செய்தி கேட்டது பாதி அந்த ரீவியின் புண்ணியத்தில்தான். மிஞ்சியது கண்ணாடி முகமும் வெறும் பெட்டியும்.

"பாரம் குறைஞ்சா அக்கா தூக்கின உடனை பிடிச்சிடுவா. உள்ளுக்கை ஒரு செங்கல்லு வைச்சுக் கட்டிவிடுறன் அண்ணை" என்று ராஜரத்தினம் அடுத்தநாள் சொன்னபோது, இவன் படிக்க வேண்டிய பிள்ளை என்று பரமலிங்கம் நினைத்துக்கொண்டார்.

ஆக, ஒன்றரை வருடமாக, இல்லாத மின்சாரத்தில் இருந்து, இல்லாத ரீவியை, இருக்கிற செங்கல்லோடு அவர் காப்பாற்றி வருகிறார். எல்லாம் கமலாசனிக்காக. அவளுக்கு இடியென்றால் பயம். பயமில்லாவிட்டால் மின்னின உடனேயே ஏன் அப்படிக் கத்தவேண்டும்?

அவருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. இங்கே வந்த முதல் வருடம் சித்திரையில் பெரிய இடி இடித்தபோது அவர் ஷெல்லடிக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கியது உண்மைதான். பங்கருக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று பார்க்க இறங்கினார். நெஞ்சளவு நின்றது. அதைச் சரியாகப் பார்த்து முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. மேலே வந்து தேத்தண்ணீர் குடித்தபோது கோப்பை தட்டில் கடகடவென்று அடித்ததற்குக் குளிர்தான் காரணம்.

இப்போது சுவரோட்டையால் சாரல் நேராக ரீவியின் முகத்தில் அடித்தது. பரமலிங்கம் ஒரு சாக்கை எடுத்துச் சுருட்டி ஓட்டைக்குள் அடைத்தார். திருப்தியோடு திரும்பினார். சாக்கு மெதுவாக வெளியே போனது. ஆடு இழுத்துக்கொண்டிருந்தது.

"விடு, சனியன்!"

"ஆரோடை கதைக்கிறீங்கள்?" என்று குசினியிலிருந்து கேட்டாள் கமலாசனி.

"சுவரோடை!"

மறுபடியும் மின்னியது. "ரீவியைக் கட்டிலுக்கு மாத்துங்கோ! கெதியா, ரெண்டு கையாலையும் பிடிச்சு!" என்றாள் அவள். அவர் பாய்ந்து ரீவியைத் தூக்கினார். இடி இடித்தது. அது வீட்டுக்கு மேலேயே விழுந்தது போலிருந்தாலும் அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பெட்டிக்குள்ளே எதுவோ கட்டறுந்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு உருண்டது.

கமலாசனி வாசலில் வந்து நின்றாள். "என்ன உருளுது?"

"அது... உள்ளுக்கை ஒரு சாமான் இருக்கு. படத்தை உருட்டுற சாமான்."

"ஓகோ" என்றுவிட்டு அவள் போனாள்.

கட்டிலில் வைத்து ஒரு நிமிடம் ஆகவில்லை, கூரைக் கிடுகால் ஒழுகத் தொடங்கியது. ஒழுக்கு மிகச் சரியாக ரீவியின் நடு மண்டையில் விழுந்தது. ஏந்துவதற்கு ஒரு சட்டி எடுக்கப் பரமலிங்கம் குசினிக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் கால் அடுப்பில் பட்டது. அந்த அடுப்பு சும்மாவே சரிந்துதான் நிற்கும். இரண்டு பக்கம் செங்கல், மூன்றாவது பக்கம் ஒரு உருண்டைக் கல். பானை சாய்ந்து கஞ்சி வழிந்தது, நெருப்புப் புகைந்தது.

"ஒண்டரை வருசமாச் சொல்லுறன், உதுக்கு ஒழுங்கா ஒரு கல்லு வையுமெண்டு! ஒவ்வொரு நாளும் சோறு ஒருபக்கம் எரியுது!" என்று, பிழை தன்மேல் வருவதற்கு முன்னமே அவர் பாய்ந்தார்.

"முந்தி இருந்தது உடைஞ்சுபோச்சு. வைப்பம்" என்றாள் கமலாசனி. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பயந்தவள் என்றாலும் கை நிதானமாகத்தான் வேலை செய்தது. இதுதான் பொம்பிளையளின்ரை கெட்டித்தனம், பயத்தை வெளியிலை காட்டாதுகள் என்று பரமலிங்கம் நினைத்தார். அவருக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

சட்டியோடு திரும்பி வந்தபோது ஆடு கழுத்துவரை வீட்டுக்குள் இருந்தது. பிளக் வயர் அதன் வாய்க்குள் இருந்தது. அவர் இந்தப் பக்கமிருந்து தள்ள, ஆடு கத்த, அந்தச் சத்தத்துக்கு ஆட்டின் சொந்தக்காரன் மத்தேயு மழைக்குள்ளால் ஓடி வந்தான். மத்தேயு முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழில் செய்தவன். போன வருடம் இடம்பெயர்ந்து வந்து பக்கத்து வளவில் கொட்டில் போட்டிருந்தான். ஒரு கையில் மடித்த தறப்பாள், மறு கையில் சிரட்டைக்குள் புகைந்துகொண்டிருந்த காய்ந்த ஓலைத்துண்டு.

"என்ரை ஆட்டுக்கு என்ன செய்யிறியள் பரமண்ணை?"

"உன்ரை ஆடு என்ரை வீட்டுக்கு என்ன செய்யுதெண்டு பார்!"

மத்தேயு வெளியே போய்ப் பின்னங்காலில் பிடித்து இழுத்து ஆட்டைக் கழற்றினான். திரும்பி வந்து சிரட்டையை ரீவிக்குப் பக்கத்தில் வைத்தான். "குருத்தோலை ஞாயிறிலை மந்திரிச்ச ஓலை. என்ரை மனிசி சுசிலா தந்துவிட்டவள். இந்தப் புகை நிக்கிற இடத்திலை இடி விழாது."

"ரீவிக்கும் கேக்குமோ?" என்றார் பரமலிங்கம்.

"வள்ளத்து எஞ்சினுக்குக் கேட்டது அண்ணை."

அந்த நேரம் பார்த்து, சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டு, தலையில் ஒரு வாழையிலையோடு உள்ளே ஓடி வந்தவன் ராஜரத்தினம். சந்திக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டதாம். அவனைக் கண்டதும் பரமலிங்கத்துக்கு ஒரு துணை வந்தது போலவும் இருந்தது, குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்றும் இருந்தது.

"நல்ல நேரம் வந்தீர் தம்பி. ரீவிக்குள்ளை ஏதோ உருளுது. ஒருக்காத் திறந்து பாருமன்" என்றாள் கமலாசனி, தலைதுடைக்கத் துவாயை நீட்டியபடி.

"வேண்டாம்!" என்று கத்தினார் பரமலிங்கம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "இடி நேரத்திலை திறக்கக் கூடாது. காத்துப் பட்டாலே போயிடும்."

"அப்ப தறப்பாளாலை சுத்துவம். எஞ்சினைச் சுத்துற மாதிரி. நீங்கள் விடுங்கோ அண்ணை, நான் தூக்கிறன்" என்று மத்தேயு குனிந்தான்.

"மத்தேயு, வேண்டாம், நான்..."

மத்தேயு தூக்கிவிட்டான். தூக்கியதோடு, கடற்காரர் வழக்கப்படி, தண்ணீர் வடியட்டும் என்று பின்பக்கமாகச் சரித்தான். பின்மூடிக்கு ஆணிகள் இல்லை. அவையும் ஊர் றேடியோக்களுக்குப் போயிருந்தன. ஒரு சணல் கயிறுதான் கட்டியிருந்தது. அது அறுந்தது. மூடி திறந்தது. செங்கல் மத்தேயுவின் கால் பெருவிரலில் விழுந்தது.

"மாதாவே!"

நாலு பேரும் செங்கல்லைப் பார்த்தார்கள். ஓட்டைக்கு வெளியே நின்ற ஆடும் பார்த்தது.

பரமலிங்கத்துக்குக் கிளாலிக் கரை நினைவுக்கு வந்தது. பனைக்குக் கீழே சீலைத்துண்டு மூடி நின்ற மெஷின் நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் கமலாசனி ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளைக் கையூசியால் தைக்கிறாள். விளக்குக்குக் கிட்டக் குனிந்து, நூலை வாயில் நனைத்து. இந்தப் பெட்டிக்காகத்தான் அது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு செங்கல்லுக்காகத்தான் என்று தெரிந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"அது இடிதாங்கி" என்றார்.

"எது?" என்றான் மத்தேயு, விரலைப் பிடித்துக்கொண்டே.

"அந்தக் கல்லு. எல்லா ரீவிக்குள்ளையும் ஒண்டு இருக்கும். ஜப்பான்காரன் வைச்சு விடுறது."

மத்தேயு கல்லை எடுத்துத் திருப்பினான். "ஜப்பான்காரன் 'வீ' எண்டு தமிழிலை அடிச்சிருக்கிறான். இது எங்கடை வீரகத்தியற்றை சூளைக் கல்லெல்லோ?"

"பழசு உப்புத் தண்ணி பட்டுப் பழுதாப்போச்சு. ராஜரத்தினம்தான் மாத்திப் போட்டவன். கேட்டுப் பார். என்ன தம்பி?"

ராஜரத்தினம் அவரைப் பார்க்கவில்லை. கமலாசனியைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். "ஓம்" என்றான்.

கமலாசனி கிட்ட வந்து கல்லை வாங்கினாள். சீலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். "இடி தாங்குமே தம்பி?" என்று கேட்டாள்.

"தாங்கும் அக்கா."

"இவ்வளவு நாளும் தாங்கினதுதானே" என்றாள் கமலாசனி. "அப்ப கவனமா உள்ளுக்கை வைச்சு, வடிவாக் கட்டிவிடும். திருப்பி உருளக் கூடாது."

பரமலிங்கம் மூச்சை விட்டார். இந்த அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது.

"எங்களிட்டை றேடியோ மட்டும்தான் கிடக்கு" என்றான் மத்தேயு யோசனையோடு. "அதுக்கு அரைக்கல்லுக் காணுமோ?"

ராஜரத்தினம் குனிந்து சணல் கயிற்றைத் தேடினான்.

ராஜரத்தினம் கல்லைக் கட்டி, தறப்பாளையும் சுற்றி முடிக்கவும் கதவு, சுவரோட்டை, கிடுகு இடுக்கு எல்லாவற்றாலும் வெளிச்சம் உள்ளே வந்துபோனது. அன்றைக்கு மின்னியதிலேயே பெரிய மின்னல் அதுதான்.

"இருங்கோ!" கமலாசனி அவரைத் தோளில் பிடித்துக் கட்டிலின் நனையாத மூலையில் இருத்தினாள். தறப்பாள் சுற்றிய ரீவியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "பிடியுங்கோ. நல்லா இறுக்கிப் பிடியுங்கோ. விட்டிடாதேங்கோ."

அவர் பிடித்தார். இடி வந்தது. நிலம் அதிர்ந்தது, மேசையில் இருந்த ஜாம் போத்தல் விளக்குத் துள்ளியது. பரமலிங்கம் கண்ணை மூடி, செங்கல்லும் கண்ணாடியுமாகக் கனத்த அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கமலாசனி பக்கத்தில் ஒட்டி அமர்ந்து, பெட்டிமேல் ஒரு கையை வைத்திருந்தாள். அந்தக் கை அவர் கைக்கு மேலேதான் இருந்தது. "பயப்பிடாதையும், கமலம். நான் பிடிச்சிருக்கிறன்" என்றார் அவர்.

"ஓம். நீங்கள் பிடிச்சிருக்கிறியள்தானே" என்றாள் அவள்.

அப்படியே அரை மணித்தியாலம் இருந்தார்கள். மத்தேயுவும் ராஜரத்தினமும் சுவரோட்டைக்குத் தறப்பாளின் மிச்சத் துண்டைக் கட்டினார்கள். இடி மெல்ல மெல்ல முல்லைத்தீவுப் பக்கம் விலகிப் போனது. கமலாசனி எழுந்து போய் எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினாள். பரமலிங்கத்தின் கோப்பை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மழை விட்டதும் ராஜரத்தினத்தைப் படலைவரை கொண்டுபோய் விட அவரும் போனார். குசினியில் அவள் பானையை அடுப்பில் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

"நல்ல நேரம் காப்பாத்தினாய் தம்பி" என்றார் குரலைத் தாழ்த்தி. "பாவம், அவள் ஒண்டும் அறியாள். உண்மையிலை ரீவியும் ஒரு சாட்டுத்தான். அவளுக்கு இடியெண்டா அப்பிடிப் பயம். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதானே இருந்தவள், கண்டனியெல்லே?"

"கண்டனான் அண்ணை."

"உன்னட்டை ரெண்டு அலுவல். எங்கையாவது பழைய தையல் மெஷின் ஒண்டு வந்தா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லு. என்ன விலையெண்டாலும் பாப்பம், நான் அவளுக்கு அந்தக் கணக்குத் தீர்க்கவேணும். மற்றது, அந்தக் கல்லு. அம்பது வயசுக்குமேலை என்னாலை உதைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது. நாரி விட்டுப்போச்சு. பேந்து ஒருநாள் அவள் இல்லாத நேரம் வந்து, அதை எடுத்துப்போட்டு அரைக்கல்லு ஒண்டு வைச்சுவிடு."

ராஜரத்தினம் சைக்கிளை நிமிர்த்தினான். இருக்கையில் நின்ற தண்ணீரைக் கையால் வழித்தான். ஏறாமல் நின்றான்.

"மெஷின் பாக்கிறன் அண்ணை. கல்லை எடுக்க என்னாலை ஏலாது."

"ஏன்?"

"அக்காவைக் கேக்காமல் எடுக்க ஏலாது."

"அவளுக்கு என்ன தெரியும் கல்லைப் பற்றி?"

ராஜரத்தினம் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அந்தப் பங்கர் இடிக்குப் பிறகு, நீங்கள் ரீவியைத் தந்திட்டுப் போன அண்டு பின்னேரமே அவா கடைக்கு வந்தவா அண்ணை, 'அது செத்தது எனக்குக் கிளாலியிலையே தெரியும், இடி முழங்கேக்கை அவற்றை கையிலை பாரமா ஏதும் இருந்தாத்தான் கை நடுங்காது' எண்டு சொல்லி, தன்ரை அடுப்புக் கல்லைக் கழட்டிக் கொண்டுவந்து தந்தவா."